திருச்செந்தூர் சாலை சவப்பெட்டிக் கடை: ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுபவம்

சவப்பெட்டிக் கடையைப் பற்றியெல்லாம் யாராவது எழுதுவார்களா என்று என் மகள் கேட்டாள். எழுதத்தான் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. துணிக்கடை, நகைக்கடை என்றால் நாலு பேரிடம் விசாரித்து, நாலு கடை ஏறி இறங்கி வாங்குகிறோம். துட்டி வீட்டில் அதற்கெல்லாம் யாருக்குத் தெம்பு இருக்கும்? யாரோ கை காட்டுகிற இடத்துக்குப் போகிறோம், சொன்ன விலையைக் கொடுக்கிறோம், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறோம். பிறகு அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. போன ஆகஸ்டில் என் சித்தப்பாவுக்குப் பெட்டி வாங்கிய கடையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அந்த நாளில் நடந்த மற்றதைச் சொல்லாமல் கடையை மட்டும் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் நீளும்.

முதலில் கடை. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போகும்போது, ஒரு டயர் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரு ஷட்டர். பெயர்ப் பலகை கிடையாது. சுவரில் நீல பெயிண்டில் ‘சவப்பெட்டி, ஐஸ் பெட்டி, சிலுவை கிடைக்கும்’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஞாயிறு விடுமுறை’. நடத்துகிறவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கலாம். அப்பா காலத்திலிருந்தே மர வேலை. எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

என் சித்தப்பா நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். எங்கள் கோயிலில் (சர்ச்சை எங்கள் பக்கம் கோயில் என்றுதான் சொல்வோம்) வயரிங் முழுக்க அவர் கை பட்டது. டிசம்பர் வந்தால் கோபுரத்தின் உச்சியில் நட்சத்திரம் கட்ட ஆள் தேட மாட்டார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவர்தான் ஏறுவார். கீழே நாங்கள் சின்னப் பிள்ளைகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்போம். மேலிருந்து, ‘எரியுதா?’ என்று கத்துவார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து, ‘எரியுது!’ என்று கத்துவோம்.

1994-ல் அவர் சித்தியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். சித்தி இந்துக் குடும்பம். ஞானஸ்நானம் எடுக்கவில்லை, சித்தப்பாவும் அதை வற்புறுத்தவில்லை. அப்போதைய சபைக் கமிட்டி, நற்கருணை எடுப்பவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் பல வருஷம் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். நற்கருணைப் பந்திக்கு எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல்தான் நானும் எழுந்து முன்னால் போனேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் வரவு நின்றது. சங்கம் கட்டுவதும் நின்றது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: சங்கம் என்றால் எங்கள் பக்கத்துச் சபைகளில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டும் காணிக்கை. அதற்கு ஒரு ரிஜிஸ்டர் உண்டு.

ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு வீட்டிலேயே போய்விட்டார். மாரடைப்பு. 71 வயது.

முதல் ஆராதனை முடிந்ததும் நான் வெஸ்ட்ரிக்கு, அதாவது கோயில் அலுவலக அறைக்கு, போனேன். 22 வருஷமாக அந்தக் கோயிலில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன்; அந்த அறையில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். செயலர் ரிஜிஸ்டரை எடுத்தார். பழுப்புத் துணி அட்டை, மூலை நைந்தது. சித்தப்பா பெயருக்கு நேரே விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனார். 2013 மார்ச்சுக்குப் பிறகு எல்லாம் வெறும் கட்டம். நான் பையைத் திறந்து, எவ்வளவு பாக்கி என்றாலும் இப்போதே கட்டுகிறேன் என்றேன். “பணம் மட்டும் விஷயம் இல்ல டீச்சர். பட்டியல்லயே பேர் இல்ல. கல்லறைத் தோட்டத்துல இடம் கொடுக்கணும்னா கமிட்டி கூடணும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடுறோம்” என்றார்.

மணியாவது அடிப்பீர்களா என்று கேட்டேன். அதுவும் கமிட்டிதான் என்றார்.

ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். இளம் வயது, எங்கள் சபைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாத முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குத் தலைக்கு ஏறியது. நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. ரிஜிஸ்டரைக் கையால் அறைந்து மூடினேன். வெளியே கோயில் பிள்ளை (கோயில் வேலைகளைப் பார்ப்பவர்), குழந்தைகள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். என்னிடம் படிக்கிற பிள்ளைகள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சித்தி அழவில்லை. “செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவரைப் போட்டு வைக்க வேண்டாம்மா. எங்க அண்ணன்மார்ட்ட சொல்லுதேன். எங்க ஊர்ல வாய்க்கால் பக்கம் இடம் இருக்கு, இன்னைக்கே எடுத்திருவோம்” என்றார். பெட்டி வாங்கும் பொறுப்பு என் தலையில் வந்தது.

திருச்செந்தூர் சாலைக்கு நான் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை மணி. ஷட்டர் மூடியிருந்தது. ‘ஞாயிறு விடுமுறை’ என்ற அந்த எழுத்தைப் பார்த்தவுடன் எனக்கு மறுபடி ஆத்திரம் வந்தது. இன்றைக்கு எல்லாக் கதவிலும் இப்படி எழுதித்தான் வைத்திருக்கிறார்களா என்று. மாவு மில்காரர் பார்த்துவிட்டு, “சந்து வழியா போங்கம்மா, பின்னாலதான் வீடு” என்றார். போய்த் தட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்து, “யாரு போயிட்டாவ?” என்று மட்டும் கேட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

கடைக்குள் வந்து உட்கார்ந்ததும் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். செயலர் சொன்னது, ஐயர் பேசாமல் இருந்தது, 1994, கோபுர நட்சத்திரம் எல்லாம். குரல் நடுங்கியது. அண்ணாச்சி குறுக்கே பேசவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“கோபம் இருக்கட்டும் டீச்சர். அது எங்கயும் போயிராது. முதல்ல அளவு சொல்லுங்க.”

எனக்கு அளவு தெரியவில்லை. உயரம் ஒரு மாதிரிச் சொல்லலாம், தோள் அகலம் யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு போன் போடச் சொன்னார். ஒரு நூலை எடுத்து உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை பிடித்து ஒரு முடிச்சு, அதே நூலில் தோளுக்குத் தோள் பிடித்து இன்னொரு முடிச்சு. “டேப் வேண்டாம், எங்க புடிச்சோம்னு மறந்திரும். நூலு மறக்காது” என்றார். என் தம்பி மகன் பைக்கில் அந்த நூலைக் கொண்டுவந்தான். பூக்கட்டும் வெள்ளை நூல். அண்ணாச்சி அதை மேஜையில் நீட்டி விரலால் நீவிவிட்டு, மர ஸ்கேலை வைத்தார். ஐந்து அடி எட்டு அங்குலம். தோள் பதினெட்டரை. எங்கள் சித்தப்பா முழுக்க அந்த நூலில் கிடந்தார்.

இனி பொருளைப் பற்றி. ஐந்தரை அடி, ஆறு அடி, ஆறேகால் அடி என்று மூன்று அளவில் பெட்டிகள் தயாராக இருக்கின்றன. அதற்கு மேலோ கீழோ வேண்டுமென்றால் மூன்று மணி நேரத்தில் செய்து தருகிறார். மாம்பலகை, வேம்பு, தேக்கு மூன்றும் உண்டு. நான் தேக்கைத்தான் கேட்டேன். கோயிலில் கிடைக்காத மரியாதையைப் பெட்டியிலாவது கொடுக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “மண்ணுக்குள்ள போறதுக்குத் தேக்கு எதுக்கு? அந்தக் காச அந்த அம்மாட்ட கொடுங்க. மாம்பலகை போதும், நல்லா காஞ்ச பலகை” என்றார். விலை அதிகமான சரக்கை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆறு அடி மாம்பலகைப் பெட்டி. இழைப்பு நன்றாக இருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒரு சிராய் கூட இல்லை. உள்ளே பஞ்சு மெத்தை போல் வைத்து வெள்ளைத் துணி. ஜிகினா, லேஸ் எல்லாம் கேட்டால் வைக்கிறார்; நான் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் மும்மூன்று கைப்பிடி.

மூடிக்கு ஆணி அடிப்பதில்லை. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆறு திருகாணி, கையாலேயே திருகும் மாதிரி. அவர் அப்பா காலத்தில் சுத்தியலால் ஆணிதான் அடிப்பார்களாம். சின்ன வயதில் ஒரு வீட்டில் ஆணி அடிக்கும்போது, ஒவ்வோர் அடிக்கும் செத்தவரின் மனைவி உடம்பு தூக்கிப் போட்டதைப் பார்த்திருக்கிறார். “அந்தச் சத்தம் வேண்டாம்னு விட்டுட்டேன். திருகாணி ஒண்ணுக்கு நாலு மடங்கு காசு, இருக்கட்டும்” என்றார். நான் எத்தனையோ அடக்கத்துக்குப் போயிருக்கிறேன். அந்தச் சத்தத்தை நானும்தான் கேட்டிருக்கிறேன். அதை நிறுத்தலாம் என்று தோன்றியதே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஐஸ் பெட்டியை முதலிலேயே மகனிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். திருப்பூரிலிருந்து சித்தப்பா மகன் வந்து சேர நாலு மணி ஆகும் என்பதால் அது தேவைப்பட்டது. அந்தப் பெட்டி பழசு. மோட்டார் சத்தம் ஜாஸ்தி, ஸ்டாண்டில் ஒரு சக்கரம் சுற்றவே இல்லை, திண்ணை ஏற்றுவதற்குள் பெரும்பாடு. சவப்பெட்டியின் கைப்பிடி ஒன்றும் லேசாக ஆடியது. இரண்டையும் மறுநாள் சொன்னேன். சாக்குப்போக்கு சொல்லவில்லை, குறித்துக்கொண்டார்.

பணம் கொடுக்கப் போனேன். கையை நீட்டவில்லை. “ஞாயித்துக்கெழம காசு தொட மாட்டேன். நாளைக்கு, நாளாண்டி, எப்ப முடியுதோ கொண்டாங்க” என்றார். நாற்பது வருஷமாக அப்படித்தானாம். எனக்குப் புரியவில்லை. விடுமுறை என்று எழுதிப் போட்டுவிட்டு, கடையைத் திறந்து, வேலையும் செய்துவிட்டு, காசு மட்டும் வேண்டாம் என்றால் அது என்ன கணக்கு என்று நேரடியாகவே கேட்டேன்.

“ஓய்வுநாள்ல யாவாரம் பண்ண மாட்டேன் டீச்சர். அதுக்காகச் செத்தவரைக் காக்க வைக்கவும் மாட்டேன். கெணத்துல மாடு விழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னு லூக்காவுல இருக்குல்லா” என்றார். சொல்லிக்கொண்டே ஒரு திருகாணிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

மாற்கு சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தை நான் பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் நடத்துகிறேன். சூம்பின கையையுடைய மனுஷன். ஓய்வுநாளில் இயேசு அவனைச் சொஸ்தமாக்குவாரா என்று குற்றம் பிடிக்கக் காத்திருக்கிறார்கள். ‘நன்மை செய்வதோ தீமை செய்வதோ, எது நியாயம்?’ என்று அவர் கேட்கிறார். அவர்கள் பேசாமலிருக்கிறார்கள். அப்போது அவர், ‘கோபத்துடனே சுற்றிலும் அவர்களைப் பார்த்து’ என்று எழுதியிருக்கிறது. மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தைச் சொல்கிறார்கள். இரண்டு பேருமே கோபம் என்ற வார்த்தையை எழுதவில்லை. மாற்கு மட்டும்தான் எழுதியிருக்கிறார். வெஸ்ட்ரியில் நான் கத்தியதற்கு அந்த வசனத்தைத்தான் மனதுக்குள் துணைக்குப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஆண்டவரே கோபப்பட்டாரே, நான் பட்டால் என்ன?

அண்ணாச்சி அளவு கேட்ட பிறகுதான் அந்த வசனத்தின் மீதி எனக்குள் ஓடியது. ‘அவர்களுடைய இருதய கடினத்தினிமித்தம் அவர் விசனப்பட்டு’ என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. கோபத்துக்கு முன்னாலேயே விசனம், அதாவது துக்கம், இருக்கிறது. அப்புறம் அவர் செய்த அடுத்த காரியம், ‘உன் கையை நீட்டு’ என்று அந்த மனுஷன் பக்கம் திரும்பியது. குற்றம் பிடிக்க வந்தவர்களோடு அவர் மல்லுக்கு நிற்கவில்லை. ஜெப ஆலயத்தின் நடுவில் ஒருவன் சூம்பின கையோடு நின்றுகொண்டிருக்கிறான். அவனைக் காக்க வைத்துவிட்டு வாக்குவாதம் பண்ண அவருக்கு நேரமில்லை. தேவாலயத்தில் காசுக்காரர்களின் பலகைகளைக் கவிழ்த்தாரே, அதற்கு இரண்டு வசனம் தள்ளிப் பாருங்கள், மத்தேயு 21:14. குருடரும் சப்பாணிகளும் தேவாலயத்துக்குள்ளேயே அவரிடம் வருகிறார்கள், அவர்களைச் சொஸ்தமாக்குகிறார். பலகை கவிழ்ந்த இடம் அவர்கள் வந்து நிற்கிற இடமாகிவிட்டது. 22 வருஷம் பாடம் எடுத்தும் இந்த இரண்டு வசனத்தையும் நான் சேர்த்துப் படித்ததில்லை. நான் வெஸ்ட்ரியில் நின்று கத்திய நேரம், சித்தி வீட்டில் உடம்பின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த நேரம்.

கோபப்பட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு. நான் விதியை மதிக்காதவளும் இல்லை. சங்கப் பணத்தில்தான் கல்லறைத் தோட்டத்துச் சுவர் நிற்கிறது, கோயில் பிள்ளைக்குச் சம்பளம் போகிறது. யாரும் கட்டாவிட்டால் எதுவும் நடக்காது. அன்றைக்குக் குற்றம் பிடிக்கக் காத்திருந்த பரிசேயர்களைக்கூட நாம் கொடியவர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறலாம் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே, யோமா என்ற பகுதியில், எழுதியிருக்கிறது. அவர்களுடைய விதியிலேயே இரக்கத்துக்கு ஒரு வாசல் இருந்தது. சூம்பின கை நாளைக்கும் சூம்பித்தானே இருக்கும், நாளைக்குச் செய்யலாமே என்பதுதான் அவர்கள் கேள்வி. செவ்வாய்க்கிழமை கூடுகிறோம் என்பதும் அதே மாதிரிதான். சொல்கிறவருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. காத்திருக்கிறவருக்குத்தான் தெரியும்.

விதி என்றே பேசினாலும் கணக்கு இடிக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய சபைகள் பல ஆங்கிலிக்கன் மரபில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழியில், வந்தவை. 1662-ஆம் வருஷத்துப் பொது ஜெபப் புத்தகத்தில் அடக்க ஆராதனைக்கு முன்னால் ஒரு குறிப்பு உண்டு: ஞானஸ்நானம் பெறாதவர், சபைநீக்கம் செய்யப்பட்டவர், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர் ஆகிய மூன்று பேருக்கும் இந்த ஆராதனையை நடத்தக்கூடாது. அந்த மூன்றாவது வரி எத்தனை தாய்மார் வயிற்றில் நெருப்பைப் போட்டதோ! கத்தோலிக்கத் திருச்சபையும் 1917 சட்டத் தொகுப்பில் அப்படி ஒரு தடை வைத்திருந்து, 1983 தொகுப்பில் எடுத்துவிட்டது. சரி, அந்த 1662 குறிப்பின்படியே பார்த்தாலும், என் சித்தப்பா அந்த மூன்று பேரில் யாரும் இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர். பட்டியலில் பெயர் எடுத்தார்களே தவிர, சபைநீக்கம் செய்யவில்லை. சங்கம் பாக்கி வைத்தவர் என்று நாலாவதாக ஒருவரை நாங்களாகச் சேர்த்திருக்கிறோம்.

இன்னும் பின்னால் போனால் மோசேயின் நியாயப்பிரமாணம். மரத்தில் தூக்கிப்போடப்பட்ட குற்றவாளியின் பிரேதத்தைக்கூட இரவு முழுக்க விட்டுவைக்காமல் அந்த நாளிலேயே அடக்கம் பண்ண வேண்டும் என்று உபாகமம் 21:23 சொல்கிறது. குற்றவாளிக்கே அன்றைக்கே. மத்தேயு 27-ஐயும் பாருங்கள். யூதாஸ் வீசிவிட்டுப் போன வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியில் போடலாமா கூடாதா என்று பிரதான ஆசாரியர்கள் விதி பேசுகிறார்கள். கடைசியில் அதைக் கொண்டு குயவனுடைய நிலத்தை வாங்குகிறார்கள், அந்நியரை அடக்கம்பண்ணுவதற்காக. இயேசுவைக் காட்டிக்கொடுக்கக் காசு கொடுத்தவர்கள் கையிலிருந்தும் ஊர் பேர் தெரியாதவர்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் கிடைத்தது. அந்த இயேசுவும் அரிமத்தியா ஊரானான யோசேப்பின் கல்லறையில்தான் வைக்கப்பட்டார். சொந்தமாக ஆறடி இல்லை அவருக்கு. இதையெல்லாம் வெஸ்ட்ரியில் சொல்லியிருக்கலாம். அப்போது வாயில் வரவில்லை, சத்தம்தான் வந்தது.

மூன்றரை மணிக்கு அண்ணாச்சியே லோடு ஆட்டோவில் பெட்டியோடு வந்துவிட்டார், மகனும் கூட. டெலிவரிக்குத் தனிக் கட்டணம் இல்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

திருப்பூரிலிருந்து தம்பி வந்த பிறகு உடம்பைப் பெட்டியில் வைத்தோம். மூடப் போகிற நேரம் சித்தி உள்ளே போய் எதையோ எடுத்துவந்து கையில் மூடி வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். கோயில் முறைக்கு ஆகுமோ ஆகாதோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. முப்பது வருஷமாக எங்கள் ஆட்கள் நடுவில் அவர் இப்படித்தான் நின்றிருக்கிறார். கையைத் திறந்தார். சித்தப்பாவின் டெஸ்டர். மஞ்சள் பிடி, நுனி கறுத்துப்போனது. எந்நேரமும் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருப்பார். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அண்ணாச்சி எழுந்து வந்தார். வலது கைப் பக்கம் துணியை மெதுவாக விலக்கி, பஞ்சை விரலால் அழுத்தி ஒரு பள்ளம் செய்தார். “இங்க வைங்கம்மா, உருளாது” என்றார். சித்தி வைத்தார். துணியை மறுபடி மூடி நீவிவிட்டார். அப்புறம் ஆறு திருகாணியையும் ஒவ்வொன்றாகக் கையால் திருகினார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

வாய்க்கால் பக்கம் சித்தியின் அண்ணன் தம்பிகள் மத்தியானத்திலிருந்தே நின்று குழி வெட்டியிருந்தார்கள். வெயிலில் மண் கல்லாக இருந்ததாம்; கடப்பாரை போட்டு உடைத்திருக்கிறார்கள். எண்பது வயது தாண்டிய, ஓய்வு பெற்ற ஐயர் ஒருவரிடம் அண்ணாச்சி போனில் பேசியிருந்தார். அவர் கைத்தடியோடு வந்து, யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல், ஆராதனையை முழுசாக நடத்தினார். ஒரு வரி விடவில்லை. சித்தியின் பெரிய அண்ணன், நெற்றியில் விபூதியோடு, ‘ஆமென்’ சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் எங்களைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

பெட்டியைத் தூக்கும்போது பின்பக்கம் ஒரு கை கூடுதலாக வந்தது. எங்கள் சபையின் இளம் ஐயர். அங்கி இல்லை, காலர் இல்லை, சாதாரணச் சட்டை. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ஆடிக்கொண்டிருந்த அந்தக் கைப்பிடிதான் அவர் கையில் இருந்தது. என்னிடம் எதுவும் பேசவில்லை. எனக்கும் அப்போது பேச ஒன்றும் இல்லை.

சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியக்கடவது என்று பைபிளில், எபேசியர் நிருபத்தில் இருக்கிறது. என்னால் அன்றைக்கு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் செயலர் வீட்டுக்குப் போய், ரிஜிஸ்டரை அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, எழுதி எடுத்துப்போன மனுவைக் கொடுத்தேன். சங்கப் பாக்கியையும் பட்டியலையும் காரணம் காட்டி அடக்கத்தை மறுக்கக்கூடாது, மணி எல்லாருக்கும் அடிக்க வேண்டும் என்று இரண்டே வரி. அவர் மனைவி காப்பி கொடுத்தார், குடித்தேன். மனு இன்னும் கமிட்டியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்பேன்.

திங்கட்கிழமை கடைக்குப் பணம் கொடுக்கப் போனேன். விலை விவரம் வேண்டுபவர்களுக்கு: பெட்டி 7,500 ரூபாய். ஐஸ் பெட்டி நாள் வாடகை 2,500. அரை நாள்தான் என்று 1,250 போட்டார். பெயரும் தேதியும் எழுதிய மரச் சிலுவை 600. சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் சேர்த்து 300 கழித்தார். 9,050 ரூபாய்க்குத் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார். கார்டு கிடையாது, ரொக்கம், இல்லையென்றால் மகன் போனுக்கு அனுப்பலாம். நான் 10,000 கொடுத்தேன். மீதி 950-ஐ எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. இலவசமாகச் செய்கிற இடம் இல்லை அது. அப்படி நினைத்துப் போகாதீர்கள். மரத்துக்கும் கூலிக்கும் உண்டான விலையை வாங்குகிறார். இல்லாதவர்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதை அவர் பதிலாகச் சொல்லவில்லை. மேஜை டிராயரில் ஒரு பழைய நோட்டு இருந்தது, அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி மூடினார்.

கடை திங்கள் முதல் சனி வரை காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு வரை. ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் மூடித்தான் இருக்கும். மாவு மில்லை ஒட்டி ஒரு சந்து போகும்; ஒரு ஆள் போகிற அகலம்தான், இடது பக்கம் சாக்கடை உண்டு, ராத்திரி நேரமென்றால் பார்த்துப் போங்கள். அதன் கடைசியில் பச்சைக் கதவு. பெல் வேலை செய்யாது. தட்டுங்கள்.